பாரடே தேடிய பயிற்சி

கற்ற கல்வி கைவரப் பெற வேண்டுமாயின், அத்துறையில் வல்லார் ஒருவரை அடுத்து நின்று தொழில் பயிலுதல் வேண்டும். பிற நாட்டு அறிஞர்களையும் அவர்தம் ஆய்வுக்கூடங்களையும் காணும் வாய்ப்பு உடன் கிட்டுமாயின், அப்பயிற்சி மேலும் சிறக்கும். இக்கால மாணவர் பலர் இத்தகைய பயிற்சியை நாடுகின்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, செல்வமும் செல்வாக்கும் இல்லாத இளைஞர் ஒருவர் அதனைத் தேடிப் பெற்றார். அவரே மைக்கேல் பாரடே.

பாரடே 1791ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் என்னுமிடத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு கொல்லர். வறுமையின் காரணமாக, எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு பாரடேயின் பள்ளிப் படிப்பு நின்றது. பதினான்காம் வயதில் அவர் ஒரு புத்தகக் கடையில் நூல் கட்டும் தொழிலைப் பயிலச் சேர்ந்தார். ஏழாண்டுகள் அங்கே உழைத்தார். நூல்களைக் கட்டியதோடு அமையாது, அவற்றைப் படித்தும் வந்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றி வந்திருந்த கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அறிவியற் பணியே தம் வாழ்க்கைப் பணியாதல் வேண்டும் என அவர் விழைந்தார்.

இராயல் கழகத்தின் தலைவருக்குப் பணி வேண்டி அவர் ஒரு மடல் எழுதினார். அதற்கு மறுமொழி கிட்டவில்லை. 1812ஆம் ஆண்டில், கடைக்கு வரும் அன்பர் ஒருவர், வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு நுழைவுச்சீட்டு அளித்தார். பாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவற்றைச் செவ்வையாக எழுதிப் படங்களும் வரைந்தார். தாமே நூலாகக் கட்டி, வேலை வேண்டிய மடலோடு டேவிக்கு அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். எனினும் அப்போது வேலை எதுவும் இல்லை. கற்ற தொழிலைக் கைவிட வேண்டாம் என்றே அவர் அறிவுரை கூறினார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் விலக்கப்படவே, டேவி பாரடேயை நினைவுகூர்ந்தார். 1813 மார்ச்சுத் திங்களில் பாரடே இராயல் நிறுவனத்தில் உதவியாளரானார்.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணத்தை மேற்கொண்டார். பாரடேயையும் உடன் அழைத்துச் சென்றார். அக்காலத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்தன. எனினும் நெப்போலியன் டேவிக்குத் தனி இசைவு அளித்திருந்தார். புறப்படும் வேளையில் டேவியின் ஏவலாளர் வர மறுத்துவிட்டார். வேறோர் ஆள் கிடைக்கும் வரையில் அவ்வேலையையும் பார்க்க பாரடே உடன்பட்டார். ஆனால் தக்க ஆள் கிடைக்கவேயில்லை. டேவியின் மனைவியார் பாரடேயை ஏவலாளராகவே நடத்தினார். ஊருக்குத் திரும்பிவிடலாம் எனப் பன்முறை எண்ணியதாக பாரடே தம் நண்பருக்கு எழுதினார். எனினும் கற்கும் வாய்ப்பை இழக்க மனமின்றிப் பொறுத்துக்கொண்டார்.

அப்பொறுமை வீண்போகவில்லை. பாரிசில் ஆம்பியர் முதலிய அறிஞர்கள், கடற்பாசிச் சாம்பலிலிருந்து பெற்ற புதுப்பொருளொன்றை டேவிக்குக் காட்டினர். சூடாக்கினால் அப்பொருள் ஊதா நிற ஆவியாக மாறியது. அது ஒரு தனிமம் என்று டேவி ஆராய்ந்து கூறினார். அதுவே அயோடின். பிளாரன்சு நகரில், பெரிய குவிவில்லை ஒன்றினால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தனர். அப்போது கரியமிலவாயுவே உண்டாயிற்று. வைரமும் கரியின் வேறொரு வடிவமே என்பதற்குச் சான்றான அச்சோதனையை பாரடே கண்ணாரக் கண்டார். மிலான் நகரில், மின்கலத்தை ஆக்கிய வோல்டாவையும் கண்டார். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளைப் பயின்றார். கண்டவற்றையும் கேட்டவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வந்தார்.

1815 ஏப்ரலில் பாரடே இலண்டன் திரும்பினார். ஏறத்தாழப் பதினெட்டுத் திங்கள் நீடித்த அப்பயணமே, கல்லூரி காணாத அவருக்குக் கல்லூரியாயிற்று. பாரிசில் கண்ட ஆம்பியரோடு, பிற்காலத்தில் மின்காந்த ஆராய்ச்சி குறித்து மடல் வழியே கருத்துரையாடினார். 1831ஆம் ஆண்டில், காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் முறையைக் கண்டறிந்தார். அணைக்கட்டுகளிலும் அனல் நிலையங்களிலும் சுழலும் மின்னாக்கிகள் இன்றும் அவ்வுண்மையைக் கொண்டே இயங்குகின்றன.

பாரடேக்கு வாய்ப்பின் கதவைத் திறந்தது பரிந்துரை மடல் அன்று. அவர் தம் கையாலேயே எழுதிக் கட்டிய நூலே ஆகும். பயிற்சி நாடும் மாணவர், தம்மால் இயன்றதை முதலில் செய்து காட்டுதல் வேண்டும். கிடைத்த இடத்தில் சிறுமை நேரினும், கற்க வந்த நோக்கத்தை மறவாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் பாரடேயின் இளமை வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.