நூலகக் கணினிக்கு எந்தத் தரவுத்தளம்?

நூலகத்தைக் கணினிமயமாக்குவோம் என்றதும் “எந்தக் கணினி வாங்கலாம்?” என்று கேட்போர் பலர்; “பதிவுகளை எதில் வைக்கலாம்?” என்று கேட்போர் சிலர். இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முன்பு நான் பணியாற்றிய நூலகத்தில் ஈராண்டுகள் உழைத்து நூல் விவரங்களை ஒரு மென்பொருளில் ஏற்றினோம். ஆசிரியர் பெயருக்கு அதில் ஒரே கட்டம். இருவர் எழுதிய நூலில் ஒருவர் பெயர் விடுபட்டது. வேறு மென்பொருளுக்கு மாற முயன்றபோதோ, பதிவுகளை வெளியே எடுக்க வழியே இல்லை! அனைத்தையும் மீண்டும் தட்டச்சு செய்தோம்.

நூற்பட்டியல் சம்பளப் பட்டியல் போன்றதன்று. ஒரு நூலின் தலைப்பு நீளும். மற்றொன்றின் தலைப்பு ஒரு சொல்லில் முடியும். ஆசிரியர் மூவர் இருக்கலாம்; ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். இதனை உணர்ந்து அமைக்கப்பட்டது யுனெஸ்கோவின் சிடிஎஸ்/ஐசிஸ். நுண்கணினிக்கான அதன் பதிப்பு 1985-இல் வந்தது. புலம் எனப்படும் கட்டத்தின் நீளம் அதில் மாறலாம். ஒரே புலம் பலமுறை வரலாம். தேடலுக்கு அது சிறந்தது. ஆனால் நூல் வழங்கும் கணக்கிற்கு அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கவில்லை.

அக்கணக்கிற்கு ஏற்றது உறவுமுறைத் தரவுத்தளம். அதன் கோட்பாட்டை எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். உறுப்பினர்க்கு ஓர் அட்டவணை, நூற்படிகளுக்கு ஒன்று, வழங்கலுக்கு ஒன்று. எண்கள் இவற்றை இணைக்கின்றன. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக 1999-இல் உருவாகி, 2000 சனவரியில் இயங்கத் தொடங்கிய ‘கோஹா’ இவ்வகைத் தரவுத்தளத்தின்மீது நிற்பது. மாவோரி மொழியில் ‘கோஹா’ என்றால் அன்பளிப்பு. பெயருக்கேற்ப இலவசமாகவே கிடைக்கிறது. வழங்கலை அட்டவணைகளில் வைப்பதோடு, நூற்பதிவை ‘மார்க்’ வடிவில் முழுமையாகவும் அது காக்கிறது.

ஆகவே, எம்மென்பொருளையும் தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

1. ஒரே புலம் பலமுறை வர இடமுண்டா?

2. ஒருங்குறித் தமிழில் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் முடியுமா?

3. நூற்பதிவுப் பரிமாற்றத்திற்கான ஐஎஸ்ஓ 2709 வடிவில் பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா?

விற்பவர் வாய்ச்சொல் போதாது. பல ஆசிரியர், பல தொகுதி, இருமொழித் தலைப்பு எனச் சிக்கலான பத்து நூல்களைத் தேர்ந்து பதிவுசெய்க. பின் வெளியே எடுத்து ஒப்பிடுக. ஒரு பிற்பகல் வேலைதான். எங்களுக்கு அது ஈராண்டு உழைப்பைக் காத்திருக்கும்.

மென்பொருள் வாடகை வீடு. பதிவுகளே நம் பொருள். வீடு மாறும் நாளில் பொருளை எடுத்துச் செல்ல வாசல் இருக்கிறதா என்று, குடிபுகுமுன்பே பார்த்துக்கொள்வோமாக!