செம்பு கேஸ்கட் வெட்டப்போகும் தம்பிக்கு

ஆர்.கே.பேட்டை பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே பழைய புல்லட் சத்தமும் கேட்கும். அப்பா ஓட்டிய வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து ஓடவைக்க ஆசைப்படும் தம்பி, தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெடிமேட் ஹெட் கேஸ்கட் கிடைக்கிற வண்டி என்றால் சென்னை புதுப்பேட்டையில் வாங்கிப் போட்டுவிடு. எங்கே தேடியும் கிடைக்காத எஞ்சினுக்கும், ஹெட்டைச் சீவியதால் தடிமன் கூட்ட வேண்டிய எஞ்சினுக்கும்தான் செம்பை நீயே வெட்ட வேண்டும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இது நன்றாக உட்காரும். தண்ணீர் ஓடும் பம்புசெட் எஞ்சினில் வெறும் செம்புத் தகடு தண்ணீர்த் துளைகளைச் சரியாக அடைக்காது, அதில் கை வைக்காதே.

தடிமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. 350 புல்லட்டின் போர் 70 மி.மீ. கேஸ்கட் அரை மி.மீ. தடித்தால் ஹெட்டுக்குள் 1.9 சிசி இடம் கூடும், 6.5 ஆக இருந்த கம்ப்ரஷன் 6.3-க்கு இறங்கும். மெலிந்தால் ஏறும், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். பழைய கேஸ்கட்டைக் காலிப்பரில் அளந்துகொண்டு கடைக்குப் போ. 20 கேஜ் தகடு சுமார் 0.9 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ.

பழசைச் சுரண்டும்போது கவனம். அந்தக் காலத்து கேஸ்கட்டில் கல்நார் இருக்கும், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீரில் நனைத்துச் சுரண்டி, பையில் கட்டிப் போடு. கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது.

பழைய கேஸ்கட்டை அச்சாக வைத்துத் தகட்டில் கீறிக்கொள். போர் துளையைச் சிலிண்டரைவிடச் சுற்றிலும் ஒரு மி.மீ. பெரிதாக வெட்டு. விளிம்பு உள்ளே நீட்டினால் அது பழுத்துச் சிவந்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். துளைகளை முதலில் போடு, வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டு. டிரில் போடும்போது தகட்டை இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே இறுக்கிக்கொள். இல்லாவிட்டால் பிட் செம்பைக் கவ்விச் சுழற்றிக் கையைக் கிழித்துவிடும். பெரிய துளையை லேத் பட்டறையில் கொடுத்தால் இன்னும் சுத்தம். பிசிறு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இப்போதுதான் முக்கியமான வேலை. கடையில் வாங்கிய தகடு விறைப்பாக இருக்கும், வெட்டிய இடமெல்லாம் இன்னும் விறைத்திருக்கும். அதை அப்படியே மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் காற்று பீய்ச்சும். பழுக்கக் காய்ச்சி இளக்க வேண்டும். வெயிலில் செய்யாதே, நிறம் தெரியாது. பொழுது சாய்ந்தபின் நிழலான இடத்தில் கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டு. தகடு முழுக்க மங்கிய சிவப்பு படர்ந்ததும் நிறுத்து. ஆரஞ்சு நிறத்துக்குப் போகவிடாதே, செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும். இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடு. இரும்பைப்போல் செம்பு தண்ணீர் பட்டு விறைக்காது, இளகியே இருக்கும், கருப்புச் செதிளும் உதிரும். மீதிக் கருப்பு போகப் புளியும் உப்பும் போட்டுத் தேய். குத்துவிளக்குக்கு அம்மா தேய்ப்பாளே, அதே கைப்பக்குவம்தான். பிறகு சுத்தியல் படக் கூடாது, வளைக்கவும் கூடாது, மறுபடி விறைத்துவிடும்.

செம்பு மேடு பள்ளத்தை நிரப்பாது. ஹெட் மேல் நேர்க்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பார். நுழைந்தால் முதலில் ஹெட்டைச் சமப்படுத்து. புஷ் ராட் துளையைச் சுற்றி வெப்பம் தாங்கும் சீலன்ட் மெல்லியதாகப் பூசு, ஆயில் கசிவது அங்கேதான். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தடவையாக, டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கு.

திருத்தணி மலையடிவாரம் வரை நிதானமாக ஓட்டிவிட்டு வா. எஞ்சின் முழுதாக ஆறியபின் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட் இடைவெளியைச் சரிபார். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் கிக்கரை மிதி. குமிழி வராவிட்டால் கேஸ்கட் உட்கார்ந்துவிட்டது. அடுத்து எப்போது ஹெட்டைக் கழற்றினாலும் இதே கேஸ்கட்டை மறுபடி காய்ச்சி இளக்கிய பிறகுதான் மாட்டு.