முதல் டச் போன் வாங்கப் போற தங்கச்சிக்கு

முதல் மாசச் சம்பளம் வந்துருச்சு, ஆடித் தள்ளுபடி முடியறதுக்குள்ள டச் போன் வாங்கணும்னு நேத்து சொன்னே. "நல்லதா ஒண்ணு சொல்லுக்கா"ன்னு கேட்டுட்டு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பஸ் வந்துருச்சுன்னு வச்சுட்டே. அதான் எழுதறேன். இந்த 2012-ல மதுரையில கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு யாருக்கும் தெரியல. எமர்ஜென்சி லைட் அணையறதுக்குள்ள முடிக்கணும். எட்டு மாசமா ஒரு ஆண்ட்ராய்டு போனோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். அதுல பட்டதைத்தான் சொல்றேன்.

கடையில போய் நின்னதும் அந்தத் தம்பி மூணு விஷயம் சொல்வார். கேமரா எத்தனை மெகாபிக்ஸல், ஸ்கிரீன் எத்தனை இன்ச், 32 ஜி.பி. வரைக்கும் கார்டு போடலாம். மூணும் நிஜம்தான். நாலாவதை நீயாத்தான் கேக்கணும்: "அண்ணா, போன் மெமரி எவ்வளவு?" கார்டு இல்லம்மா, போனோட சொந்த மெமரி.

கார்டுங்கறது பரண் மாதிரி. பாட்டு, போட்டோ, படம்னு அண்டா குண்டாவெல்லாம் ஏத்தி வைக்கலாம். ஆனா தினம் சமைக்கறது கீழ அடுக்களை மேடையிலதானே? நீ இறக்கற ஒவ்வொரு ஆப்பும் அந்த மேடையிலதான் வந்து உட்காரும். எல்லாரும் வாங்கற சாம்சங் கேலக்ஸி ஒய்-ல அந்த மேடை 180 எம்.பி.தான். அதைவிட விலை கூடின கேலக்ஸி ஏஸ்ல எவ்வளவுன்னு நினைக்கறே? 158. ஸ்கிரீன் 3.5 இன்ச், கேமரா 5 மெகாபிக்ஸல், ஃபிளாஷ் எல்லாம் உண்டு, மேடை மட்டும் சின்னது. நான் வாங்கின போன்ல (பேரு வேண்டாம், அது பாட்டுக்கு உழைச்சுட்டுதான் இருக்கு) இந்தக் கணக்கு தெரியாம கேம்ஸா ஏத்தி வச்சேன். ஒரு நாள் மேல சின்னதா ஒரு எச்சரிக்கை வந்து நின்னுச்சு, இடம் கம்மின்னு. நின்னா நிக்கட்டும்னு விட்டேன். அன்னிக்கு முழுக்க எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட வரலை. மெமரி நிறைஞ்சா இந்த போன்கள் எஸ்.எம்.எஸ்.ஸை உள்ளேயே விடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அத்தான் வர லேட்டாகும்னு மூணு தடவை அனுப்பியிருக்கார், நான் சாப்பாட்டைத் திறந்து வச்சு உட்கார்ந்திருக்கேன்.

ராம்னு ஒண்ணு சொல்வாங்க, அதுவும் முக்கியம். கேலக்ஸி ஒய்-ல 290 எம்.பி. எல்.ஜி. ஆப்டிமஸ் ஒன்-ல 512. பழைய மாடல்தான், ஆனா எங்கயாவது ஸ்டாக் இருந்து விலை ஒத்து வந்தா நான் அதைத்தான் எடுப்பேன். பேட்டரியும் 1500 எம்.ஏ.எச்., ஒய்-ல 1200தான்.

மத்த கம்பெனிகளைப் பத்தி ரெண்டே வரி. ஐபோன் 4எஸ் 44,500 ரூபாய்னு இறங்கினது, அந்தப் பேச்சே வேண்டாம். பிளாக்பெர்ரி, கூட்டாளிகள் எல்லார்கிட்டயும் பிளாக்பெர்ரி இருந்தாத்தான் ருசி. நோக்கியா மேல எனக்குப் பாசம் உண்டு, ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியில எத்தனை பிள்ளைகள் வேலை பார்க்குது. ஆனா போன வருஷம் பிப்ரவரியிலயே மைக்ரோசாஃப்ட்டோட கை கோத்துட்டாங்க, சிம்பியனுக்கு இனி பெருசா எதிர்காலம் இல்ல. அதுலயும் 5233 மலிவா இருக்கேன்னு எடுத்துராதே. அதுல 3ஜியும் கிடையாது, வைஃபையும் கிடையாது.

கடையிலயே மூணு சோதனை பண்ணிரு. வெக்கப்படாதே, காசு உன்னோடது.

முதல்ல நகச் சோதனை. ஸ்கிரீனை விரல் படாம நகத்தால மட்டும் தட்டு. அது கேட்டுச்சுன்னா பழைய ரெசிஸ்டிவ் டச், அழுத்தி அழுத்தி விரல் தேயும். விரல் சதை பட்டாத்தான் கேக்கும்னா அது கெப்பாசிடிவ், அதுதான் வேணும். அதுக்கும் ஒரு குறை உண்டு, ஈரக்கையோட தொட்டா கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஓடும். அரிசி களையும்போது போன் வந்தா கையைத் துடைச்சுட்டு எடு, இல்லன்னா எடுக்கறதுக்குப் பதிலா கட் பண்ணிருவே.

ரெண்டாவது, தமிழ்ச் சோதனை. இதை யாருமே பண்றதில்ல. பிரவுசரைத் திறந்து தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போ. எழுத்து எழுத்தா வந்தா சந்தோஷம். பெட்டி பெட்டியா வந்தா அந்த போன்ல தமிழ் இல்லன்னு அர்த்தம். ஆண்ட்ராய்டு 2.3 போடற போன்கள்ல இது பெரிய தலைவலி. போன வருஷக் கடைசியில வந்த 4.0-ல தமிழ் இருக்கு, ஆனா உன் பட்ஜெட்ல அது அபூர்வம். 2.3-தான் கிடைக்குதுன்னா கவலைப்படாதே, பெட்டியை எழுத்தாக்கற வித்தை ஒண்ணு பின்னாடி சொல்றேன்.

மூணாவது, *#06# அடி. 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். அட்டைப்பெட்டியிலயும் பில்லுலயும் அதே நம்பர் இருக்கணும். அங்க சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட்டோ மவுன்ட் ரோடோ எங்க வேணா வாங்கு, பில் மட்டும் கேட்டு வாங்கு. பர்மா பஜார்ல ஆயிரம் ரூபா கம்மின்னு உன் ஹாஸ்டல் ஃப்ரெண்டு சொல்வா. அந்த ஆயிரம் ரூபாதான் உன் வாரண்டி.

போன் கைக்கு வந்தாச்சு. ஹாஸ்டலுக்கு வந்ததும் பாட்டு ஏத்தாதே, ரிங்டோன் தேடாதே. மொத வேலை, கூகுள் கணக்கு. சிம்ல இருக்கற நம்பரையெல்லாம் காண்டாக்ட்ஸ் மெனுவுல இம்போர்ட் கொடுத்து கூகுள் கணக்குக்கு மாத்திரு. எங்க சேமிக்கறதுன்னு கேக்கும்போது "போன்"னு கொடுத்துராதே. கூகுள்ல ஏத்திட்டா போன் தொலைஞ்சாலும் அத்தனை நம்பரும் அடுத்த போன்ல தானா வந்து நிக்கும். போன் தொலைஞ்சா ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயா "நான்தான் பேசறேன், உங்க நம்பர் கொஞ்சம் அனுப்புங்க"ன்னு கெஞ்சின காலம் போச்சு.

ஆனா ஒண்ணு, நெட் பேக் போடாம டேட்டாவை ஆன் பண்ணிராதே. பேக் இல்லாட்டி 10 கே.பி.க்கு 10 பைசான்னு எடுப்பாங்க. பைசாதானேன்னு நினைப்பே. கணக்குப் போட்டுப் பாரு, ஒரு எம்.பி.க்குப் பத்து ரூபாய்க்கு மேல. ஒரு பாட்டு அஞ்சு எம்.பி.ன்னா அம்பது ரூபாய், அதுக்கு சி.டி.யே வாங்கிறலாம். போன் வாங்கின மொத ராத்திரி நான் நூத்திப் பத்து ரூபா பேலன்ஸோட தூங்கினேன். காலையில பால்காரருக்குப் போன் அடிக்கக்கூட காசில்ல. நான் எதுவும் பண்ணலைங்க, தூங்கிட்டுதான் இருந்தேன்னு கஸ்டமர் கேர்ல சண்டை போட்டேன். நான் தூங்கினேன், போன் தூங்கலை. மெயில், காண்டாக்ட், ஆப் அப்டேட்னு ராத்திரி பூரா அது பாட்டுக்கு இழுத்துட்டே இருந்திருக்கு. அதனால செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ் அண்ட் சிங்க் போய் ஆட்டோ சிங்க்கை எடுத்துவிட்டுரு. வாரத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் வைஃபையில நீயே சிங்க் பண்ணிக்கோ. ஆப் அப்டேட்டும் அங்கயே.

இப்ப அந்தப் பெட்டி எழுத்து வித்தை. ஓபெரா மினி இறக்கிக்கோ. எப்படியும் அது வேணும், பக்கத்தை அவங்க கம்ப்யூட்டர்லயே சுருக்கி அனுப்பறதால டேட்டா நிறைய மிச்சம். அட்ரஸ் அடிக்கற இடத்துல ஆங்கிலத்துல ஓபெரான்னு அடி, இடைவெளி விடாம முக்காற்புள்ளி, அப்புறம் கான்ஃபிக். ஒரு பட்டியல் வரும். கடைசி வரைக்கும் இறங்கு, பிட்மேப் ஃபான்ட்ஸ்னு ஒரு வரி இருக்கும், அதை எஸ்னு மாத்தி சேவ் பண்ணு. அவ்வளவுதான். எழுத்தையெல்லாம் படமா மாத்தி அனுப்பும், பெட்டி போய் தமிழ் வரும். படமா வர்றதால டேட்டா கொஞ்சம் கூடப் போகும், இங்கிலீஷ் பக்கம் படிக்கும்போது தேவையில்லாட்டி திரும்ப அணைச்சிரலாம். இது தெரிஞ்ச அன்னிக்கு நான் ஒரு மணி நேரம் தமிழ்ப் பேப்பரா படிச்சேன், அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதைக்கூடப் பார்க்கலை. ஆனா இந்த வித்தை ஓபெராவுக்குள்ள மட்டும்தான். எஸ்.எம்.எஸ்.ல அந்தப் பெட்டி பெட்டியாத்தான் இருக்கும். தமிழ்ல அடிக்கணும்னா தமிழ்விசைன்னு ஒரு கீபோர்டு இருக்கு, இறக்கி, லாங்வேஜ் அண்ட் கீபோர்டுல டிக் அடிச்சு, எழுதற பெட்டியை அழுத்திப் பிடிச்சா இன்புட் மெத்தட் வரும், அதுல மாத்திக்கலாம். டிக் அடிக்கும்போது இந்தக் கீபோர்டு நீ அடிக்கற பாஸ்வேர்டைக்கூட சேகரிக்கலாம்னு மிரட்டும். வெளியில இருந்து எந்தக் கீபோர்டு போட்டாலும் இதே மிரட்டல்தான், ஆனாலும் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கும்போது போனோட பழைய கீபோர்டுக்கே மாறிக்கோ. பயம்னு ஒண்ணு இருக்கட்டும்.

போனை உனக்குத் தக்க மாத்திக்கறதுன்னா நீ உடனே வால்பேப்பர்னு நினைப்பே. மீன் நீந்தற வால்பேப்பர், பூ உதிர்ற வால்பேப்பர் எல்லாம் வாங்கின மொத வாரம் நானும் போட்டேன். அது பேட்டரியைக் குடிக்கும், போன் தட்டுத் தடுமாறும். கறுப்பு வால்பேப்பர் போட்டா பேட்டரி நிக்கும்னு சொல்வாங்க. அது அமோலெட் ஸ்கிரீனுக்குத்தான் பொருந்தும், உன் பட்ஜெட் எல்.சி.டி.யில கறுப்பும் வெள்ளையும் ஒண்ணுதான். முருகன் படத்தையே போடு.

உண்மையா உதவறது ரெண்டே ரெண்டு. ஹோம் ஸ்கிரீன்ல காலி இடத்தை அழுத்திப் பிடி, ஷார்ட்கட்ஸ் போய் டைரக்ட் டயல் எடு, அம்மா நம்பரைத் தேர்ந்தெடு. அம்மாவோட படம் ஸ்கிரீன்ல வந்து உட்காரும். ஒரு தட்டு, ரிங் போகும். உன் ஹாஸ்டல் வார்டன், தெரிஞ்ச ஆட்டோ அண்ணன், ஆபீஸ்ல ஒருத்தர், இவங்களையும் அதே மாதிரி வை. ராத்திரி லேட்டா வரும்போது பெயர் தேடிட்டு நிக்க வேண்டாம். இன்னொண்ணு பவர் கன்ட்ரோல்னு ஒரு பட்டை. வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ்., சிங்க், வெளிச்சம் அஞ்சும் ஒரே வரிசையில நிக்கும், லைட் சுவிட்ச் மாதிரி தட்டித் தட்டி அணைக்கலாம்.

ஹோம் ஸ்கிரீனையே மாத்தற லாஞ்சர்னு, கோ லாஞ்சர் மாதிரி நிறைய இருக்கு. அழகுதான், நானும் போட்டு ரெண்டு நாள்ல எடுத்தேன், அடுக்களை மேடை ஞாபகம் வந்துருச்சு. டாஸ்க் கில்லரும் வேண்டாம். அது கொல்லும், ஆப் திரும்ப உயிர்த்தெழும், இது திரும்பக் கொல்லும், நடுவுல போறது உன் பேட்டரி. ரூட் பண்ணித் தர்றேன்னு ஆபீஸ்ல எவனாவது வருவான், வாரண்டி முடியற வரைக்கும் அவன் கையில போனைக் கொடுக்காதே.

மேடையில இடம் பத்தலைன்னா மேனேஜ் அப்ளிகேஷன்ஸ்ல ஒவ்வொரு ஆப்பா திறந்து மூவ் டு எஸ்.டி. கார்டு கொடு. எல்லாம் நகராது, நகர்றதை நகர்த்து. விட்ஜெட் வச்சிருக்கற ஆப்பை மட்டும் நகர்த்தாதே, விட்ஜெட் வேலை செய்யாது. அப்புறம், போனைக் கம்ப்யூட்டர்ல மாட்டி பாட்டு ஏத்தும்போது, கார்டுக்குப் போன ஆப் எல்லாம் காணாமப் போயிரும். அலறாதே, ஒயரைப் பிடுங்கினா திரும்ப வந்துரும்.

ஆப்ல வாட்ஸ்அப் மட்டும் கண்டிப்பா போட்டுக்கோ. தீபாவளி, புத்தாண்டுன்னா எஸ்.எம்.எஸ். பேக் செல்லாதுன்னு காசு புடுங்கறாங்கல்ல, அந்தத் தொல்லை இதுல இல்ல. ரெண்டு பக்கமும் வாட்ஸ்அப்பும் நெட்டும் இருந்து, நம்பர் சேமிச்சிருந்தா போதும்.

பேட்டரிக்கு வர்றேன், ஏன்னா உங்க சென்னையில ரெண்டு மணி நேரம்தான் கட், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஊருக்கு வந்தா உனக்கே தெரியும். மொபைல் நெட்வொர்க்ஸ்ல யூஸ் ஒன்லி 2ஜி நெட்வொர்க்ஸ்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போடு. 3ஜி சிக்னலைத் தேடித் தேடியே போன் களைச்சுப் போகுது. படம் பார்க்கணும்னா மட்டும் டிக்கை எடு. பின்மூடி கழட்டற போனா வாங்கு, ஒரிஜினல் பேட்டரி இன்னொண்ணு பையில வச்சுக்கோ. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல பிளக் பாயின்ட்டுக்கு நிக்கற வரிசையை நீயே பார்த்திருப்பே.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு, விட்டே போச்சு. உன் பழைய நோக்கியாவை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினாலும் காலையில அலாரம் அடிக்கும். இது அடிக்காது. அணைச்சா அணைஞ்சதுதான். சார்ஜ் மிச்சம் பிடிக்கறேன்னு ராத்திரி அணைச்சு வச்சு, ஒரு கல்யாணத்துக்கு விடியக்காலை பஸ்ஸை விட்டேன். முகூர்த்தத்துக்குப் பதிலா பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தேன், அத்தை இன்னும் குத்திக் காட்டுறா. அணைக்காதே, ஃபிளைட் மோடுல போட்டு வை.

அதனால அந்தப் பழைய நோக்கியா 1100-ஐ எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துராதே. கடைக்காரர் எப்படியும் நூறு ரூபாய்க்கு மேல தர மாட்டார். அப்பா நேத்தே கேட்டார், "புது போன்ல டார்ச் இருக்காம்மா?"ன்னு. கேலக்ஸி ஒய்-ல ஃபிளாஷே இல்ல, டார்ச் ஆப் போட்டா ஸ்கிரீன்தான் வெள்ளையா எரியும்னு சொன்னேன். ஏழாயிரத்துக்கு டார்ச் இல்லாத போனான்னு சிரிச்சுட்டு, கிணத்தடிப் பக்கம் எழுந்து போனார், தீப்பெட்டியோட. வரும்போது டார்ச் இருக்கற அந்தப் பழசை அவருக்கு எடுத்துட்டு வா. சார்ஜரையும் மறந்துராதே, பெரிய பின் சார்ஜர் நம்ம வீட்ல ஒண்ணுகூட இல்ல.