தாஹான் மலைக்கு ஆற்றுவழிப் பயணம்

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரம் 2,187 மீட்டர் உயரமுள்ள தாஹான் மலையாகும். மெராப்போ பக்கமிருந்து ஏறும் வழி குறுகியது. பழைய வழியோ ஆற்றில் தொடங்குகிறது. குவாலா தெம்பெலிங்கிலிருந்து விசைப்படகில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால், மூன்று மணி நேரத்தில் குவாலா தாஹானை அடையலாம். இன்று அங்குச் சாலையும் உண்டு. ஆயினும் படகில் செல்வோர் ஆற்றின் போக்கைக் கண்ணாரக் கண்டு செல்வர். அங்கிருந்து மலையேறித் திரும்ப ஒரு வாரம் பிடிக்கும்.

எப்போது புறப்படுவது? மழையால் பால்வெட்டு தடைப்படும் ஆண்டிறுதியில் நமக்கு ஓய்வு கிடைக்கிறது. அப்போதே போய்வரலாம் என எண்ணத் தோன்றும். அது பெரும் பிழை. நடைபாதை தாஹான் ஆற்றைப் பன்முறை குறுக்கே கடக்கிறது. முழங்காலளவு நீர், மேலே மலையில் பெய்த மழையால் சில மணி நேரத்தில் மார்பளவாகிவிடும். இலையுதிர்ந்து பால் குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை.

படகு தாங்கும் சுமையை நம் தோள் தாங்காது. ஆகவே மூட்டையைக் கட்டியதும் அதனைச் சுமந்து தோட்டத்து மேட்டில் ஒருமுறை ஏறிப் பார்த்தல் நலம். அரிசியையும் மாற்றுடையையும் நீர் புகாத பிளாஸ்டிக் பைகளில் கட்ட வேண்டும். தேசியப் பூங்காவின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்லலாகாது.

ஆறு பெருகினால் கரையிலேயே தங்கி, நீர் வடியும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. அதற்கென ஒருநாள் உணவு கூடுதலாக இருக்கட்டும். வீட்டாரிடம் திரும்பும் நாளைக் கூறும்போதும் அந்த ஒருநாளைச் சேர்த்தே கூறுவோம்.