கப்பலுக்கு முதல் நாள் இரவு: அறை தேடுவது எப்படி?

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் காலையில் புறப்படும். திருப்பூர்க்காரர்கள் முதல் நாளே போய்த் தங்கியாக வேண்டும். அம்மாவை நல்லூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போக நெட்டில் அறை தேடினேன். குறைந்த வாடகை முதலில் வருமாறு வரிசைப்படுத்தியதும், வேளாங்கண்ணி லாட்ஜ்கள் மேலே வந்தன. அங்கிருந்து துறைமுகம் ஏறத்தாழ 10 கி.மீ. விடியற்காலை ஆட்டோவுக்குக் கொடுத்தால் மிச்சம் ஏது? தளங்கள் காட்டும் தூரம் பெரும்பாலும் ஊரின் மையத்திலிருந்துதான். எனவே கூகுள் மேப்பில் லாட்ஜ் பெயரையும் துறைமுகத்தையும் கொடுத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அப்போது அறை கிடைப்பதே அரிது.

இதைவிட முக்கியமானது ரத்து நிபந்தனை. 2023 அக்டோபர் 14ல் தொடங்கிய இந்தச் சேவை, பருவமழையால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16ல்தான் மீண்டும் தொடங்கியது. நானோ 200 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, பணம் திரும்பாத அறையில் கிளிக் செய்துவிட்டேன். கடல் கொந்தளிப்பால் கப்பல் ரத்து. வாடகை முழுவதும் போயிற்று. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை "ஃப்ரீ கேன்சலேஷன்" கட்டத்தில் டிக் செய்துவிட்டுத் தேடினேன். எந்த நாள், எத்தனை மணி வரை ரத்து செய்யலாம் என்பதும் அங்கேயே இருக்கும். வரி சேர்ந்த தொகை சில தளங்களில் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.