பொழுதறிந்து செய்யும் பணி

முன்னுரை

ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். மாலையை முல்லைக்கும், யாமத்தைக் குறிஞ்சிக்கும், வைகறை விடியலை மருதத்திற்கும், எற்பாட்டை நெய்தலுக்கும், நண்பகலைப் பாலைக்கும் உரிய சிறுபொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்தது. வள்ளுவர் 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே யாத்தார். திருக்குர்ஆனில் வைகறையின் பெயராலும், முற்பகலின் பெயராலும், இரவின் பெயராலும் அமைந்த அத்தியாயங்கள் உள்ளன. ஐவேளைத் தொழுகையும் பொழுதைக் கொண்டே அமைந்தது. பொழுதைப் போற்றும் இவ்விரு மரபுகளுக்கும் உரியவர்களாகிய நாம், உடலும் உள்ளமும் ஒருங்கே இயற்றும் பணிகளைப் பொழுது எவ்வாறு ஆள்கிறது என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

கூட்டுப் பணி

நூலைக் கற்றுப் பொருளுணர்தல் உள்ளத்தின் பணி. மூட்டை சுமத்தல் உடலின் பணி. ஆயின் பெரும்பாலான தொழில்கள் இவ்வாறு தனித்து நிற்பதில்லை. தறியில் நெய்பவர், அறுவை மருத்துவம் புரிபவர், மூன்று மணி நேரம் தேர்வெழுதும் மாணவர், ஊர்தி ஓட்டுபவர் ஆகியோரிடத்துக் கண் காண்பதனைக் கருத்து அளந்தறிய, கை உடனே செயற்படல் வேண்டும். இவற்றுள் ஒன்று தளரினும் பணி முழுவதும் தளரும்.

உடற்கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி உள்ளது. கண்வழி வரும் ஒளியைக் கொண்டு தன்னைச் செம்மை செய்துகொண்டு, 24 மணி நேரச் சுழற்சியை உடல் முழுமைக்கும் உணர்த்துவது இதுவே. உயிரணுவினுள் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களின் வாயிலாக விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசினைப் பெற்றனர்.

சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நத்தானியல் கிளீட்மன் 1938-ஆம் ஆண்டு தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் மாமத் குகையினுள் 32 நாள் தங்கி, 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு வாழ முயன்றார். இளைஞரான மாணவரின் உடல் புதிய சுழற்சிக்கு இசைந்தது. பேராசிரியரின் உடலோ பழைய 24 மணிச் சுழற்சியை விடாது பற்றி நின்றது. நாம் விரும்பியவுடன் உடற்கடிகாரத்தைத் திருப்பிவிட இயலாது என்பதற்கு இது சான்று. சீட்டுக்கட்டை வகை பிரித்தல் போன்ற, கையும் கருத்தும் கலந்த பணிகளின் திறன் உடல் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதனையும் அவர் கண்டறிந்தார்.

பொழுதும் திறனும்

உடல் வெப்பம் விடியலுக்கு முன் மிகத் தாழ்ந்தும், பிற்பகலின் இறுதியிலும் முன்மாலையிலும் உயர்ந்தும் நிற்கும். தசை வலிமையும் கைவிரைவும் அதனையொட்டி அஸர் வேளையை அடுத்துச் சிறக்கும். பலவற்றை நினைவில் தாங்கிச் சிந்திக்கும் ஆற்றல் பெரும்பாலும் முற்பகலில் ஓங்கும். நண்பகல் கடந்து சிறு தளர்ச்சி தோன்றும். உண்ணாதிருப்பவர்க்கும் அது நேரும். யாமம் கடந்து வைகறை வரையுள்ள பொழுதிலோ உடல் உள்ளம் இரண்டும் ஒருங்கே தாழ்ந்துவிடும். கூட்டுப் பணிக்கு மிகவும் ஆகாத பொழுது இதுவே.

அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலை விபத்து 1979 மார்ச் 28 அன்று விடியற்காலை 4 மணியளவில் நேர்ந்தது. செர்னோபில் உலை 1986 ஏப்ரல் 26 அன்று நள்ளிரவு கடந்து 1.23 மணிக்கு வெடித்தது. இவற்றிற்குக் காரணங்கள் பல எனினும், நேர்ந்த பொழுதும் நாம் கருதத்தக்கதாகும்.

மது அருந்தாத மயக்கம்

ஆஸ்திரேலிய ஆய்வாளர்களாகிய டாசனும் ரீடும் 1997-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய கணினிச் சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், 100 மில்லி லிட்டர் குருதியில் 50 மில்லி கிராம் மது கலந்தவரின் திறனளவிற்குக் குன்றியது. 24 மணி நேர விழிப்பில் இது ஏறத்தாழ 100 மில்லி கிராமுக்கு ஒப்பாயிற்று. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஊர்தி ஓட்டுவோர்க்கு விதித்துள்ள வரம்போ 30 மில்லி கிராமே.

இதனை நம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். சுபுஹுத் தொழுகைக்காக 5 மணிக்கு எழுந்தவர்க்கு இரவு 10 மணிக்கே 17 மணி நேரம் நிறைவுறுகிறது. அவர் திருமண வீட்டிலிருந்தோ, உறவினரை விமான நிலையத்தில் வழியனுப்பியோ, பின்னிரவில் ஊர்தி ஓட்டி வருவாராயின், மதுவைத் தீண்டாத அவரும் மயங்கியவர் நிலையிலேயே வருகிறார். மது விலக்கப்பட்டதற்கு அறிவை மறைக்கும் அதன் இயல்பு காரணமாயின், அறிவை மறைக்கும் உறக்கமின்மையோடு பிறர் உயிரைச் சுமந்து செல்லுதலும் தவிர்க்கத்தக்கதே அன்றோ?

நாம் செய்யத்தக்கவை

பெரியோர்கள் குடும்பப் பயணங்களைச் சுபுஹுத் தொழுகைக்குப் பின் தொடங்குமாறு வகுத்தல் நன்று. பகலெல்லாம் உழைத்த ஓட்டுநரை இரவிலும் ஓட்டப் பணித்தல் அறமன்று. கண் செருகும்பொழுது ஊர்தியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இருபது நிமிடம் உறங்கி, எழுந்தபின் மயக்கம் தெளியும்வரை சற்றுப் பொறுத்துப் புறப்படுதல் வேண்டும். பாட்டை உரக்க வைப்பதும், முகத்தில் நீர் தெளிப்பதும் உறக்கத்திற்கு ஈடாகா.

மாணவர்கள் தேர்வின் முன்னிரவு முழுதும் விழித்திருத்தலைக் கைவிடல் வேண்டும். முற்பகல் 10 மணி சிந்தனைக்கு ஏற்ற பொழுதே. அதன் பயன் உறங்கி எழுந்தவர்க்கே முழுமையாகக் கிட்டும். இளம்பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கித் தள்ளும் என்பர். ஆதலின் வைகறையில் எழ விரும்பும் இளைஞர் இஷாவுக்குப் பின் வீண்பேச்சை விடுத்து உறங்கச் செல்லுதல் இன்றியமையாதது. கைலூலா எனப் போற்றப்படும் நண்பகற் சிறுதுயிலும் பிற்பகற் பணிக்குத் துணை செய்யும்.

முடிவுரை

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வயது வந்த தொழிலாளரின் வேலையை நாளொன்றுக்கு 8 மணி நேரமென வரையறுத்தது. எத்தனை மணி நேரம் என்பதோடு எந்தப் பொழுது என்பதனையும் எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும். இம்மலரைக் கையிலேந்தும் ஒரு குடும்பமேனும் தன் பின்னிரவுப் பயணத்தை விடியலுக்கு ஒத்திவைக்குமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.