முதல் கட்டணம் யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிமலையிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. பஹாய் சமயத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, "எல்லா மதமும் இதைத்தானே சொல்கிறது" என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். பதில் வரும்வரை பொறுக்க மாட்டாயா?

சொல்வது ஒன்று, செலவுக் கணக்கில் காட்டுவது இன்னொன்று. அச்சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவின் மகன் அப்துல் பஹா, மனித குலத்தைப் பறவையாகவும் ஆணையும் பெண்ணையும் அதன் இரு சிறகுகளாகவும் சொன்னார். மேடையில் பேசுகிறவர்கள் அதோடு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எல்லாப் பிள்ளைகளையும் படிக்கவைக்க வசதியில்லை என்றால் பெண்ணைத்தான் முதலில் படிக்கவைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

"நாளைக்குத் தாயாகிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பாள் என்றுதானே? மறுபடியும் அடுப்படிதானா?" என்பாய். அந்தக் காரணம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே பாடத்திட்டம், அறிவியலுக்கும் ஆட்சிக்கும் பெண்கள் வரவேண்டும், வந்தால்தான் போர் ஓயும் என்று சொன்னதும் அதே அப்துல் பஹாதான். பாதியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதே.

வந்து காட்டியவர்களும் உண்டு. 1905இல் பம்பாயில் பிறந்த பஹாய்ப் பெண் ஷிரின் ஃபோஸ்தார். 1950இல் சிங்கப்பூர் போனார். இரண்டே வருடத்தில் பெண்களைத் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கி, பலதார மணத்துக்கு எதிராக ஓயாமல் குரல் கொடுத்தார். 1961இல் மாதர் சாசனம் வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. பிழைக்கப் போன நம் தமிழர் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான்.

"அதெல்லாம் பட்டணத்துக் கதை, நம் கல்வராயன் மலைக்கு ஏது?" என்று இழுக்காதே. இந்தூரில் பஹாய்கள் 1985இல் தொடங்கிய பர்லி நிறுவனம், பழங்குடிப் பெண்களைத் தங்கவைத்து எழுத்து, தையல், உடல்நலம், விவசாயம் எல்லாம் கற்றுக்கொடுத்து ஊருக்கு அனுப்புகிறது. அவர்களும் உன்னைப்போல மலையும் காடும் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

அடுத்து நீ எதை எடுப்பாய் என்று தெரியும். ஹைஃபாவில் இருக்கும் அவர்களின் உச்ச சபையான உலக நீதி மன்றத்தில் 1963 முதல் ஒன்பது பேரும் ஆண்கள்தானே? ஆமாம். ஊர் அளவிலும் நாட்டளவிலும் உள்ள சபைகளுக்குப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், அங்கே மட்டும் இல்லை. வேதத்தில் அப்படி இருக்கிறது, காரணம் பின்னால் விளங்கும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் செரிக்கவில்லை. நீ தாராளமாகக் கேள். ஆனால் மனைவி பஞ்சாயத்துத் தலைவியாக இருக்க, கணவன் நாற்காலியில் உட்காரும் ஊர்க்காரன் கொஞ்சம் அடக்கமாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு தப்பும் செய்வாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். "என் வீட்டில் பெண்தான் மகாலட்சுமி" என்பாய். மகாலட்சுமிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, கற்பூரம் போதும். அதனால்தான் அந்தப் பட்டம் நமக்கு இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

உன் மகள் உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது முடிக்கிறாள். கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள் என்று உன் கடிதத்தின் கடைசி வரியில் ஒளித்து எழுதியிருக்கிறாய். அவள் தம்பிக்கு ஆங்கிலப் பள்ளி, அதற்கு வேன் செலவு, அதனால் இவளுக்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறாய். மரவள்ளி விற்ற காசு கையில் வரும்போது முதலில் யார் பெயருக்குப் பணம் கட்டினாய் என்று எனக்கு எழுது. சமத்துவத்துக்கு அர்த்தம் என்ன என்பதை மீதிக் கடிதத்தில் பேசுவோம்.

அன்புடன்,
உன் அக்கா